‘தர்மபுரி’ என்று ரேடியோவில் அனுப்பினால் மூன்று பூஜ்ஜியம் கூடுவது ஏன்?

காரிமங்கலத்திலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவர் கேட்டிருக்கிறார். அவருடைய மாமா ஹாம் ரேடியோக்காரர், அதாவது பொழுதுபோக்குக்காக உரிமம் வாங்கி ரேடியோ இயக்குகிறவர், தன்னிடம் இருந்த பழைய டிஎன்சி பெட்டியை இவரிடம் கொடுத்துவிட்டார். "லேப்டாப்ல சொருகினா லைட் எரியுது சார், ஆனா ஒண்ணும் நடக்கல. பக்கத்து வீட்டு அண்ணன் லேப்டாப்ல போட்டா மட்டும் போகுது. அவருக்குக் கைராசின்னு அம்மா சொல்றாங்க. எந்த டிரைவர் போடணும்?"

கைராசிக்குக் கடைசியில் வருகிறேன். முதலில், இந்தப் பெட்டியைப் பார்த்தே இராதவர்களுக்காக ரெண்டு வரி. கம்ப்யூட்டரில் தட்டியதை ஒலியாக மாற்றி, அந்த ஒலியை ரேடியோவில் பேச்சு போவது போலவே அனுப்பி, மறுமுனையில் அதைத் திரும்ப எழுத்தாக்கினால் அதுதான் பாக்கெட் ரேடியோ. 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகம் அலோஹாநெட் என்ற பெயரில் தீவுகளை ரேடியோவால் இணைத்துக் காட்டியது, 1978-இல் கனடாவின் மாண்ட்ரியால் நகரத்து ஹாம்கள் அதே யோசனையை அமெச்சூர் அலைவரிசைக்குக் கொண்டுவந்தார்கள். வழக்கமான வேகம் நொடிக்கு 1200 பிட், பிட் என்றால் ஒரு பூஜ்ஜியம் அல்லது ஒரு ஒன்று. சிரிக்காதீர்கள், இதற்கு டவர் வேண்டாம், மாத ரீசார்ஜ் வேண்டாம். எழுத்தை ஒலியாக்குவதும் ஒலியை எழுத்தாக்குவதும் டிஎன்சியின் வேலை. நம் நாட்டில் தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர்கள்தான் அனுப்பலாம், 12 வயது ஆனவர்கள் தேர்வு எழுதலாம். மாணவரிடம் உரிமம் இருக்கிறது, கேட்டுவிட்டேன்.

சரி, ஒரு கருவியோடு பேசக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கும் நிரல்தான் டிரைவர். இங்கே எந்த டிரைவர்? இதில் ஒரு டிரைவர் இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று இருக்கின்றன. அடியில் இருப்பது யுஎஸ்பி கேபிளுக்குள் உள்ள சில்லுக்கானது. விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் அது ஏற்கெனவே இருக்கும், சொருகியதும் டிடிஒய்யுஎஸ்பி0 என்று ஒரு சீரியல் போர்ட், அதாவது தகவல் பிட் பிட்டாக வரிசையில் போய்வரும் வாசல், முளைக்கும், உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்தால் அதைத் தொட அனுமதி கிடைக்கும். சில லினக்ஸ் பதிப்புகளில் போர்ட் முளைத்த மறுநொடியே காணாமல் போகும். பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகள் சிலவற்றிலும் இதே மலிவுச் சில்லு இருப்பதால், பிரெய்ல் சேவை ஓடிவந்து ‘இது என் பொருள்’ என்று எடுத்துக்கொள்கிறது. அந்தச் சேவை உங்களுக்குத் தேவையில்லை என்றால் நீக்கிவிடுங்கள். நான் ஒருமுறை பெங்களூரில் ஒரு கடையில் பேரம் பேசி வாங்கிய கேபிளில் போலிச் சில்லு இருந்து, ரெண்டு வாரம் ரேடியோவையும் ஆன்டெனாவையும் சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்தேன். மிச்சம் பிடித்தது நூறு ரூபாய்.

நடு அடுக்கு வேடிக்கையானது. சீரியல் போர்ட் என்றாலே மறுமுனையில் ஒரு ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறார் என்றுதான் லினக்ஸ் நினைத்துக்கொள்ளும். என்டர் வந்தால் வரி முடிந்தது, பேக்ஸ்பேஸ் வந்தால் ஒரு எழுத்தை அழி என்று உபசாரம் பலமாக இருக்கும். நமக்கு அந்த உபசாரம் வேண்டாம், வருகிற பைட்டுகளை (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) அப்படியே பாக்கெட்டாக எடுத்துக்கொண்டால் போதும். ‘கிஸ்அட்டாச்’ என்ற சின்ன நிரல் செய்வது அதைத்தான், போர்ட்டிலிருந்து பழைய உபசாரக்காரரை எழுப்பிவிட்டு எம்கிஸ் என்ற டிரைவரை உட்கார வைக்கிறது. அதற்கு முன் ஆக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் போர்ட்டின் பெயர், உரிமத்தோடு கிடைத்த உங்கள் அழைப்புக்குறி, சீரியல் வேகம், பாக்கெட் அளவு என்று ஒரே ஒரு வரி எழுத வேண்டும். டிஎன்சியையும், கம்ப்யூட்டரோடு பாக்கெட்டுகளை அப்படியே பரிமாறும் கிஸ் முறைக்கு மாற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஆளோடு பேசுவதாக நினைத்து வணக்கம் சொல்லிக்கொண்டே இருக்கும். மாணவரின் பெட்டி அந்த நிலையில்தான் இருந்தது.

மேல் அடுக்கு ஏஎக்ஸ்.25, பாக்கெட் ரேடியோவின் நெறிமுறை. இது வந்ததும் ஏஎக்ஸ்0 என்று ஒரு நெட்வொர்க் இடைமுகம் தெரியும், வைஃபையில் எம்ஏசி முகவரி (கருவிக்கான அடையாள எண்) இருக்கும் இடத்தில் உங்கள் அழைப்புக்குறியே நிற்கும். இணைய முகவரிக்குரிய கருவி எது என்று கண்டுபிடிக்கும் ஏஆர்பி நெறிமுறையில் வன்பொருள் வகைகளுக்கு எண் கொடுத்தபோது 1 ஈதர்நெட்டுக்கும் 2 சோதனை ஈதர்நெட்டுக்கும் போக, 3 இந்த ஹாம்களுக்குத்தான் போனது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். பென்னாகரம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் நிறுத்து, ரெண்டு விசில் அடித்தால் போலாம். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், காதுதான் கணக்கு. ஒரு பண்டிகை முடிந்து திரும்பிய பஸ்ஸில், புதிதாக வாங்கிய பீப்பியை ஒரு பொடியன் ரெண்டு தடவை ஊதிவிட, ஒரு பாட்டி படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக இருக்கும்போதே வண்டி நகர்ந்துவிட்டது. பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, பொடியனுக்குத்தான் முதுகில் ஆனது. கம்பியில்லாத் தகவல் தொடர்பின் ஆதாரமான சிக்கல் இதுதான்: செய்தி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல ஒரு விசில் வேண்டும், ஆனால் செய்திக்குள் எது வேண்டுமானாலும் இருக்கலாம், அந்த விசிலே இருக்கலாம்.

பாக்கெட் ரேடியோவின் விசில் 01111110, நடுவில் ஆறு ஒன்று. இது செய்திக்குள் தப்பித் தவறியும் வரக் கூடாது என்பதற்காக அனுப்பும் கருவி ஒரு விதியை வைத்துக்கொள்கிறது: ஐந்து ஒன்றுகள் தொடர்ந்து போய்விட்டால், அடுத்து வரப்போவது எதுவாக இருந்தாலும் சரி, ஒரு பூஜ்ஜியத்தைச் சொருகிவிடு. ‘எதுவாக இருந்தாலும்’ என்பதில்தான் சூட்சுமம். அடுத்தது ஒன்றாக இருந்தால் மட்டும் சொருகுவோம் என்று சிக்கனம் பார்த்தால், ஐந்து ஒன்றுக்குப் பின் பூஜ்ஜியம் வரும்போது அது செய்தியிலேயே இருந்ததா, நாம் சொருகியதா என்று கேட்பவருக்குத் தெரியாது. எப்போதும் சொருகினால் குழப்பமே இல்லை. பெறும் கருவி ஐந்து ஒன்றை எண்ணியதும் ஆறாவதைப் பார்க்கும். பூஜ்ஜியமா, தூக்கிப் போடு. ஒன்றா, அப்படியானால் இது செய்தி இல்லை, அடுத்ததைப் பார். அது பூஜ்ஜியமாக இருந்தால் விசில். அதுவும் ஒன்றாகி ஏழு ஆகிவிட்டால் எங்கோ கெட்டுவிட்டது, மொத்தத்தையும் வீசு.

இதைத் தமிழில் செய்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒருநாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு எழுத்துக்கும், புள்ளி, கொம்பு போன்ற ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. ஏஎக்ஸ்.25-இல் ஒவ்வொரு பைட்டும் வால் பக்கத்திலிருந்து தலைகீழாகப் போகும், அதனால் 224 காற்றில் 00000111 என்று போகிறது, 175 என்பது 11110101. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மூன்றும் நான்கும் சேர்ந்து ஏழு ஒன்று! இந்த 224, 175 ஜோடி எதற்கு வருகிறது என்றால் நம் மெய்யெழுத்துப் புள்ளிக்கு, உகரக் குறிக்கு. இகரக் குறியில் வேறு வழியாக அதே கதை: அதன் கடைசி இரண்டு பைட்டுகள் 01110101, 11111101, ஒன்றும் ஆறும் ஏழு. அதாவது பூஜ்ஜியம் சொருகும் விதி மட்டும் இல்லையென்றால், ‘தர்மபுரி’ என்று அனுப்பும்போது ‘ர்’ மேலே புள்ளி வைத்த கணமே பெறும் கருவி செய்தியைக் குப்பையில் போட்டிருக்கும். ர், பு, ரி, மூன்று இடத்தில் மூன்று பூஜ்ஜியம். 24 பைட், 192 பிட், போய்ச் சேரும்போது 195. கிருஷ்ணகிரிக்கு ஐந்து பூஜ்ஜியம். ஓசூர்க்காரர்களுக்கு ரெண்டே ரெண்டு.

இதோடு முடிந்திருந்தால்கூட நல்ல யோசனைதான், ஆனால் அதே பூஜ்ஜியம் இன்னொரு வேலையும் பார்க்கிறது. காற்றில் போவது 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்று இரண்டு சுருதிகள். ஒன்றுக்கு ஒரு சுருதி, பூஜ்ஜியத்துக்கு இன்னொரு சுருதி என்றுதான் நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. பூஜ்ஜியம் என்றால் சுருதி மாறு, ஒன்று என்றால் இருக்கிற சுருதியிலேயே நில். அப்படியானால் நூறு ஒன்றுகள் சேர்ந்து வந்தால் ஒரே நீளமான ஊளைதான் கேட்கும், அதில் 99 இருந்ததா 101 இருந்ததா என்று எப்படி எண்ணுவது? பெறும் கருவிக்குச் சொந்தக் கடிகாரம் இருக்கிறது, ஆனால் இரண்டு கடிகாரங்கள் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போவதில்லை. தெருக்கூத்தில் தாளம் போடுகிறவர் மத்தளத்தைக் கேட்டுக் கேட்டுத் தன் கையைச் சரி செய்துகொள்வதைப் போல, கருவி ஒவ்வொரு சுருதி மாற்றத்திலும் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது. ஒரு பிட்டுக்கு 0.83 மில்லிநொடி. ஐந்து ஒன்றுக்கு மேல் செய்தியில் வர முடியாது என்பதால், அதிகம் போனால் ஆறு பிட்டுக்கு, அதாவது 5 மில்லிநொடிக்கு ஒருமுறை சுருதி மாறியே தீரும். விசிலைக் காப்பாற்றப் போட்ட விதி தாளத்தையும் காப்பாற்றுகிறது. இதற்காகத் தனியாக ஒரு பைசா செலவில்லை.

கம்ப்யூட்டருக்கும் டிஎன்சிக்கும் நடுவில் இருக்கும் கேபிளிலும் இதே தந்திரம்தான், பிட் அளவில் இல்லாமல் பைட் அளவில். கிஸ் முறையில் 192 என்ற பைட்தான் விசில். செய்திக்குள் 192 வந்தால் அதற்குப் பதில் 219, 220 என்று இரண்டு பைட் போகும், 219-ஏ வந்தால் 219, 221. எம்கிஸ் டிரைவரின் உயிர் இவ்வளவுதான். தமிழ் எழுத்துகளின் பைட்டுகளில் 192-உம் கிடையாது 219-உம் கிடையாது என்பதால், காற்றில் அடிக்கடி பூஜ்ஜியம் கேட்கும் நம் மொழி கேபிளில் எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் போகிறது.

இனி கைராசி. பெட்டியைக் கிஸ் முறைக்கு மாற்றிய பிறகு மாணவரின் ரேடியோ அனுப்பத் தொடங்கிவிட்டது, ஆனால் மறுமுனையில் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. அண்ணன் லேப்டாப்பில் மாட்டினால் விளங்குகிறது. ரேடியோவின் அனுப்பும் பொத்தானை அழுத்திய உடனே அலை ஒழுங்காகக் கிளம்பிவிடாது, கேட்கும் ரேடியோவில், அலை வராதபோது இரைச்சலை அடக்கிவைக்கும் ஸ்குவெல்ச் திறக்கவும் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை டிஎன்சி வெறும் விசிலையே ஊதிக்கொண்டிருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதை டிஎக்ஸ்டிலே என்ற எண்ணாக, 10 மில்லிநொடிக் கணக்கில், கம்ப்யூட்டர்தான் சொல்கிறது. அண்ணன் 40 வைத்திருந்தார், 400 மில்லிநொடி, 60 விசில். தம்பி எங்கோ பார்த்து 10 வைத்திருந்தார், 15 விசில், எதிர்முனை கண் விழிப்பதற்குள் செய்தி பாதி போய்விட்டது. வித்தியாசம் இந்த ஒரு எண்தான். அண்ணன் ஆன்டெனா கம்பத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருக்கிறாராம். மழையில் நனையாத இடமாகப் பார்த்துக் கட்டியிருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை, கனெக்டருக்குள் தண்ணீர் இறங்காமல் இருந்தால் சரி.

இந்த இடத்தில் ஒரு புலம்பலையும் சொல்லிவிடுகிறேன். பொறியியல் கல்லூரிகளில் தகவல் தொடர்பு ஆய்வகம் என்று லட்சக்கணக்கில் செலவு செய்து வாங்குவது பெரும்பாலும் திரையில் ஓடும் சிமுலேஷன். ஒரு பழைய ரேடியோ, ஒரு டிஎன்சி, மொட்டை மாடியில் ஒரு கம்பி, இதற்கு அதில் ஒரு துளி போதும். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் வேறு வேலையாகப் போயிருந்த ஹாம் குழு ஒன்றுதான் தொலைபேசி செத்த நேரத்தில் அந்தமானிலிருந்து செய்திகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வெள்ளம் வந்தால் மட்டும் அவர்களைப் பாராட்டுகிறோம், ஆய்வகத்துக்குப் பணம் ஒதுக்கும்போது மறந்துவிடுகிறோம்.

மாணவர் எண்ணை 40 ஆக்கிவிட்டு அனுப்பியிருக்கிறார், முதல் முயற்சியிலேயே பதில் வந்திருக்கிறது. வீட்டில் சொன்னாராம். அண்ணனின் கைராசி இவருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்கிறார் அம்மா.