காக்காய் வலிப்பு: காக்காய் எங்கிருந்து வந்தது?

பல் மருத்துவமனையில் முதல் நாள் நிரப்பச் சொல்லும் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: 'வலிப்பு உண்டா?' பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் அதைப் பார்த்து, 'உண்டு, இடது கடைவாயில், மூன்று நாளாக' என்று எழுதினால் அவரைக் குறை சொல்ல முடியாது. வலியும் வலிப்பும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். போதாததற்கு, நாம் அதிகம் அறிந்த பெயரில் சம்பந்தமே இல்லாத ஒரு பறவையும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

முதலில் வேர். 'வலி' என்றால் இன்று வேதனைதான் நினைவுக்கு வரும். திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரத்தில் வரும் வலி வேதனையன்று, பலம். வினையாக வரும்போது அதற்கு இழுத்தல் என்றொரு பொருள் உண்டு. படகோட்டி துடுப்பு வலிக்கிறான் என்றால் அவனுக்குக் கை நோகிறது என்று பொருளில்லை. துடுப்பைத் தண்ணீரில் இழுக்கிறான். இந்தப் பொருள் நம் பேச்சில் மங்கிவிட்டது, மலையாளத்தில் மங்கவில்லை. கேரளத்துக் கடைக் கதவுகளில் 'தள்ளுக' என்பதற்கு மறுபுறம் 'வலிக்குக' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, கதவுக்கு என்ன வலி என்று வியந்த தமிழர்கள் இருப்பார்கள். வலிப்பு இந்த இழுத்தலிலிருந்து வந்தது. தசைகள் தம் போக்கில் சுண்டி இழுப்பதுதான் வலிப்பு. கிராமத்தில் 'கை கால் இழுக்கிறது' என்று சொல்வது அதே செய்தியை இன்னும் பச்சையாகச் சொல்வது.

இனி காக்காய். பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், இது 'கால் கை வலிப்பு' என்பதன் சிதைவு என்பது. பேச்சில் லகரம் அடுத்த வல்லெழுத்தோடு கரைந்துவிடும். கால் படி 'காப்படி' ஆனதைப் போலக் கால் கை 'காக்கை' ஆகிறது. காதில் விழுந்த 'காக்கை'யைக் கேட்டவர் பறவையாக எடுத்துக்கொண்டு 'காக்காய்' ஆக்கிவிட்டார். முகத்துதி செய்வதைக் 'காக்காய் பிடித்தல்' என்கிறோமே, அதுவும் கால் கை பிடித்தலின் சிதைவு என்பார்கள். எனக்கு இந்த விளக்கம் பொருத்தமாகவே படுகிறது. பறவையை வைத்துக் காரணம் சொல்லப் போனால் கதைதான் கட்ட வேண்டியிருக்கும். ஆனால் இந்த நோயோடு விலங்கைச் சேர்த்தவர்கள் நாம் மட்டும் இல்லை. மலாய் மொழியில் இதன் பழைய பெயர் 'கிலா பாபி', அதாவது பன்றிப் பைத்தியம். சீனப் பேச்சுவழக்கில் ஆடு. எங்கும் கேலியின் சாயல்தான்.

மற்ற மொழிகள் இதே நோயை வேறு கோணங்களில் பார்த்தன. ஆங்கிலத்தில் வழங்கும் எபிலெப்சி கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'பற்றிக்கொள்ளுதல்' என்று பொருள். யாரோ ஒருவர், பெரும்பாலும் ஒரு தெய்வம், ஆளைப் பிடித்துக்கொள்கிறது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. அந்தக் கிரேக்கத்திலேயே, ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன், மருத்துவர் இப்போக்கிரட்டீசின் மரபைச் சேர்ந்த ஒரு நூல், இது மற்ற நோய்களைவிட எவ்வகையிலும் தெய்வீகமானதன்று, காரணம் மூளையில் இருக்கிறது என்று எழுதிவிட்டது. வடமொழி 'அபஸ்மாரம்' நினைவு அகல்வதைச் சொல்கிறது. அந்தப் பெயரைக் கொண்ட குள்ள அசுரன் அபஸ்மாரனைத் தமிழர்கள் வேறு பெயரில் அறிவார்கள்: நடராசரின் காலடியில் கிடக்கும் முயலகன். முயலகன் தமிழில் ஒரு நோயின் பெயரும்கூட. கொல்லி மழவன் என்ற சிற்றரசன், முயலகன் நோயால் உணர்வற்றுக் கிடந்த தன் மகளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் கிடத்தியிருந்தான். சம்பந்தர் பதிகம் பாட அவள் எழுந்தாள் என்கிறது பெரியபுராணம். திருச்சிக்கு அருகே இன்று திருவாசி என்று வழங்கும் ஊர் அது. அங்குள்ள நடராசர் முயலகன் மேல் ஆடாமல் பாம்பின் மேல் ஆடுகிறார்.

கிரேக்கம் பிடிக்கிறவரைப் பார்த்தது. வடமொழி போன நினைவைப் பார்த்தது. தமிழ் கண்ணெதிரே துடிக்கும் கையையும் காலையும் பார்த்தது. மூன்றில் தமிழ்ச் சொல்தான் கதை சேர்க்காமல் கண்டதைச் சொல்கிறது என்பேன். அதற்கும் ஒரு குறை உண்டு. எல்லா வலிப்பிலும் கைகால் இழுப்பதில்லை. பாடம் கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தை சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, எதுவும் நடக்காததுபோலத் தொடர்வதும் வலிப்புதான். அங்கே வடமொழிச் சொல்லே பொருந்துகிறது.

சரியான தமிழ் எது? ஒருமுறை நிகழ்வதை 'வலிப்பு' என்றும், திரும்பத் திரும்ப வலிப்பு வரும் இயல்பை 'வலிப்பு நோய்' என்றும் பிரித்துச் சொன்னால் போதும். காய்ச்சலில் ஒருமுறை வலிப்பு வந்த குழந்தைக்கு வலிப்பு நோய் இருப்பதாக ஆகாது. 'கால்-கை வலிப்பு' அச்சில் நிலைத்துவிட்ட வழக்கு, பிழையில்லை. காய்ச்சலில் பிதற்றும் 'சன்னி' வேறு, 'இசிவு' பெரும்பாலும் வில்வாத இசிவு (டெட்டனஸ்) போன்றவற்றுக்கு வழங்குவது. வாய்மொழியில் வென்றிருப்பது என்னவோ 'ஃபிட்ஸ்'. உடல் நன்றாக இருப்பவரையும் 'ஃபிட்' என்று சொல்லும் ஊரில் அதன் குழப்பம் தனி.

பெயரை இவ்வளவு துருவுவதற்குக் காரணம், வெட்கத்தால் நோயை மறைப்பவர்கள் ஏராளம். இந்து திருமணச் சட்டத்திலேயே வலிப்பு நோய் 1999 வரை திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது; அந்த ஆண்டுத் திருத்தம்தான் அதை நீக்கியது. சட்டம் நீக்கியதை வீடுகள் இன்னும் நீக்கவில்லை. மறைத்தால் எங்கே வெளிப்படும் என்றால், பல முறை பல் மருத்துவரிடம்தான். ஈறு காட்டிக்கொடுத்துவிடும்.

ஃபெனிட்டாயின் என்ற மாத்திரை 1938இல் வலிப்புக்குப் பயன்பாட்டுக்கு வந்தது. மறு ஆண்டே, அதை உண்பவர்களின் ஈறு தடிக்கிறது என்ற செய்தி மருத்துவ இதழில் வந்துவிட்டது. உண்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது வரலாம் என்பது பொதுவான கணக்கு. முன்பற்களுக்கு இடையிலுள்ள முக்கோண ஈறு முதலில் பருக்கும். விட்டால் பல்லையே மூடத் தொடங்கும். இதை 'ஈறு வீக்கம்' என்பது சரியில்லை. வீக்கம் என்றால் வற்றும். இங்கே நார்த்திசுவே கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. 'ஈறு மிகைவளர்ச்சி' என்பதே பொருந்தும். பல்லில் அழுக்குப் படலம் படிந்திருந்தால் வளர்ச்சி மிகும் என்பதால், நன்றாகத் துலக்குவதும் பல்லைச் சுத்தம் செய்துகொள்வதும் பாதி வைத்தியம். மீதிக்கு ஈற்றை வெட்டிச் சீராக்கலாம், அல்லது நரம்பியல் மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றலாம். நோயாளி தாமாக நிறுத்துவது மட்டும் கூடாது. நிறுத்தினால் ஈறு வற்றுவதற்கு முன் வலிப்பு வந்து நிற்கும். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிப்பின் மாத்திரையும் சிலருக்கு இதே வேலையைச் செய்யும் என்பதால், ஈறு பருத்தவர்கள் எல்லாருக்கும் வலிப்பு என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம்.

மற்ற மாத்திரைகளுக்கும் பல் நாற்காலியோடு கணக்கு உண்டு. வால்ப்ரோயேட் சிலருக்கு இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கும். பல் பிடுங்கும் முன் மருத்துவர் இரத்தப் பரிசோதனை கேட்டால் அதற்காகத்தான். கார்பமசெபின் உண்பவருக்கு எரித்ரோமைசினோ கிளாரித்ரோமைசினோ ஆகிய நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்தால், கார்பமசெபினின் அளவு இரத்தத்தில் ஏறித் தலைசுற்றலும் தடுமாற்றமும் வரலாம். கழற்றி மாட்டும் பல்செட் வலிப்பின்போது உடைந்து மூச்சுக்குழாயில் போகக்கூடும் என்பதால், கூடுமானவரை நிலையாகப் பொருத்தும் பல்லையே பரிந்துரைப்பார்கள். பல் வைத்தியத்துக்குப் போகும் நாளில் வழக்கமான மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டு, முந்தின இரவு நன்றாகத் தூங்கிவிட்டுப் போக வேண்டும்.

நாற்காலியிலேயே வலிப்பு வந்தால் முதல் வேலை வாயிலிருக்கும் கருவிகளை எடுப்பது, பிறகு நாற்காலியைத் தாழ்த்தி ஆளை ஒருக்களிப்பது. வாய்க்குள் கரண்டி திணிப்பது நம் ஊரின் பழைய வைத்தியம். அதனால் உடைந்த பற்கள்தான் மிச்சம். நாக்கை யாராலும் விழுங்க முடியாது. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பல்லுக்குக் கேடில்லை, வலிப்புக்கும் பயனில்லை. அது தானாக நிற்கும் நேரத்தில் நின்றதற்கு இரும்பு பெயர் வாங்கிக்கொள்கிறது. ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டால் 108ஐ அழைக்க வேண்டும்.

படிவத்துக்கு வருவோம். 'வலிப்பு உண்டா?' என்ற இரண்டு சொல்லை எடுத்துவிட்டு இப்படிக் கேட்கலாம்: 'கை கால் இழுக்கும் வலிப்போ, சில நொடி நினைவு தப்புவதோ எப்போதாவது வந்ததுண்டா? கடைசியாக எப்போது? அதற்காக உண்ணும் மாத்திரையின் பெயர் என்ன?' அருகிலேயே 'ஃபிட்ஸ்' என்றும் எழுதலாம், அதனால் தமிழ் குறைந்துவிடாது. காக்காய் மட்டும் வேண்டாம்.