பேக்கப்புக்குத் தமிழில் என்ன?

சினிமாப் படப்பிடிப்பில் ‘பேக்கப்’ என்றால் மூட்டை கட்டு, வீட்டுக்குப் போகலாம். இன்வெர்ட்டர் வாங்கப் போனால் ‘எத்தனை மணி நேரம் பேக்கப் வரும்?’ என்று கேட்போம். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரோ விண்டோஸைப் புதிதாகப் போடுவதற்கு முன்னால், ‘பேக்கப் எடுத்துட்டீங்களா?’ என்பார். சினிமாக்காரர்களின் பேக்கப் வேறு சொல். தமிழில் ஒரே ‘ப’ இரண்டு ஒலிக்கும் நிற்பதால் எழுத்தில் ஒன்றுபோலத் தெரிகிறது. மற்ற இரண்டும் ஒரே சொல்தான்.

அதன் வேர் ஆங்கிலத்தில் முதுகைக் குறிக்கும் ‘பேக்’. ஒருவருக்குப் பின்னால் நின்று தாங்குவது என்பது பழைய பொருள். முன்னால் இருப்பது விழுந்தால் அந்த இடத்துக்கு வரத் தயாராக நிற்கும் ஆள் அல்லது பொருள் என்பது பிறகு வந்தது. மின்சாரம் போனால் பேட்டரி, வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) போனால் இன்னொரு தட்டு. கவனித்தால், மூலச்சொல்லில் நகல் என்ற எண்ணமே இல்லை. தமிழில்தான் அதை வெளிப்படையாகவே சொல்கிறோம்.

இப்போது கைப்பேசியிலும் கணினியிலும் பரவலாகக் காணப்படும் சொல் ‘காப்புப்பிரதி’. காப்பு, ‘கா’ என்ற வேரிலிருந்து வந்த நம் சொல். நூலின் தொடக்கத்தில் பாடும் காப்புச் செய்யுள், பிள்ளைத்தமிழின் முதல் பருவமான காப்புப் பருவம், அம்மன் திருவிழாவுக்குக் கட்டும் காப்பு, கையில் போடும் காப்பு எல்லாம் அதன் பிள்ளைகள். கெட்டது நடப்பதற்கு முன்பே கட்டிக்கொள்வது என்ற எண்ணம் இவற்றில் பலவற்றில் இருக்கிறது. பேக்கப்புக்கு இதைவிடப் பொருத்தமான முன்பாதி கிடைக்காது.

பிரதி வடமொழி. ‘காப்பு நகல்’ என்று எழுதுபவர்களும் உண்டு, ஆனால் நகலும் அசலும் அரபியிலிருந்து உருது வழியாக வந்தவை. முழுக்கத் தமிழில் வேண்டுமென்றால் ‘படி’ இருக்கிறது. ஓலைச்சுவடி செல்லரிக்கும், நொறுங்கும். அது கெடுவதற்குள் பார்த்துப் புதிய ஓலையில் எழுதிக்கொள்வதைப் படியெடுத்தல் என்றார்கள். உண்மையில் அதுவே ஒரு பேக்கப் வேலைதான். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும்போது பல சுவடிகளை ஒப்பிட முடிந்தது என்றால், யார் யாரோ படியெடுத்து வைத்திருந்ததால்தான். ஆகவே காப்புப்படி என்பதே என் மனதுக்குப் பிடித்த சொல். ஆனால் மாடிப்படி, பஞ்சப்படி, அரிசி அளக்கும் படி என்று அதற்கு ஏற்கெனவே கூட்டம் அதிகம். பழகிப்போன காப்புப்பிரதியை மாற்றச் சொல்லி யாரிடமும் நான் சண்டை போடமாட்டேன்.

சொல்லின் பின்பாதியைவிட முன்பாதிதான் கவனிக்க வேண்டியது. என் சித்தப்பா குடும்பப் படங்களை எல்லாம் ‘டி டிரைவ்ல ஒரு காப்பி போட்டு வெச்சிருக்கேன்பா’ என்று நிம்மதியாக இருந்தார். சி, டி இரண்டும் ஒரே வன்தட்டுக்குள் போட்ட தடுப்புகள். தட்டு ஒருநாள் ‘டக் டக்’ என்று சத்தம் போட்டு நின்றது, இரண்டு அறையும் சேர்ந்தே போயின. பிரதி இருந்தது, காப்பு இல்லை. எப்போதும் செருகியபடியே இருக்கும் வெளித்தட்டும் அப்படித்தான். பணம் கேட்டுப் பூட்டும் நச்சுநிரல் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். இரண்டு இடத்திலும் ஒன்றையே வைத்திருக்கும் ஒத்திசைவும் (சிங்க்) காப்பு ஆகாது, இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்று ஒரு கணக்கு உண்டு. பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பியது. படம் தொலைவதன் வலி படம் எடுப்பவருக்குத்தானே தெரியும்!

வினையாகச் சொல்லும்போது தமிழ் இன்னும் அழகாகக் கைகொடுக்கிறது. ‘எடுத்து வை’ என்கிறோம். அந்த ‘வை’ துணைவினை, பின்னால் தேவைப்படும் என்று இப்போதே செய்வதைக் குறிக்கும். தாமதமாக வருபவருக்குச் சோறு எடுத்து வைப்பதுபோல. பேக்கப்பின் பாதிப் பொருள் அந்த ஓரெழுத்துச் சொல்லிலேயே வந்துவிடுகிறது.

சரி, எடுத்து வைத்ததைத் திரும்பக் கொண்டுவருவது? ஆங்கிலத்தில் ரீஸ்டோர். லத்தீனில் பழையபடி சீராக்குவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. உடம்பைத் தேற்றும் சூப்பு விற்ற கடைக்கு ரெஸ்டாரன்ட் என்ற பெயர் வந்ததும் அதே வேரால்தான். தமிழில் மீட்டெடுத்தல். அடகு வைத்த நகையை மீட்கிறோமே, அதே மீட்பு. சீட்டு இல்லாமல் நகையை மீட்க முடியாததுபோல, கடவுச்சொல் போட்டுப் பூட்டிய காப்புப்பிரதியை அந்தக் கடவுச்சொல் இல்லாமல் திறக்க முடியாது. விண்டோஸில் 2000ஆம் ஆண்டு மில்லேனியம் பதிப்போடு வந்த ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ பெயரால் பலர் ஏமாறுகிறார்கள். அது இயங்குதளத்தின் அமைப்புகளைத்தான் பின்னுக்குக் கொண்டுபோகும், அழிந்த கல்யாணப் படத்தைக் கொண்டுவராது.

எனக்குப் பெரிய குறை ‘மீட்டமை’ என்ற சொல்மீதுதான். ஆண்ட்ராய்டின் தமிழ் இடைமுகத்தில் ரீசெட்டுக்கு அதைத்தான் போட்டிருக்கிறார்கள். மீட்டெடு என்றால் போனது வரும். ஆரம்பநிலைக்கு மீட்டமை என்றால் இருப்பதும் போகும். இரண்டிலும் ‘மீட்டு’ முன்னால் நிற்கிறது, பதற்றத்தில் இருப்பவர் எதை அழுத்துவார்? அதனால் நான் எழுதும்போது ரீஸ்டோருக்கு மட்டும் மீட்டெடு, ரீசெட்டுக்கு ‘அழித்துத் தொடக்கநிலைக்குத் திருப்பு’ என்று போடுகிறேன். பொத்தானில் அடங்காத நீளம்தான். ஆனால் படித்து முடிப்பதற்குள் விரல் ஒரு நொடி தயங்கும்.