புள்ளிக்கு வால் முளைத்தால் சைட்டை மாற்றாதீர்கள், கண்ணைக் காட்டுங்கள்

போன வாரம் வந்தவருக்கு 45 வயது. முயல், அணில் என்று சிறு வேட்டைக்கு .22 பிஸ்டல் வைத்திருப்பவர். ஒரே வருடத்தில் மூன்று ரெட் டாட் சைட் (துப்பாக்கி மேல் பொருத்தி, கண்ணாடியில் தெரியும் சிவப்பு ஒளிப்புள்ளியை வைத்துக் குறிபார்க்கும் கருவி) வாங்கி, இரண்டைக் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டார். "மூணுமே கோளாறு டாக்டர், புள்ளிக்கு வால் முளைக்குது" என்றார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்தும் காட்டினார். அச்சு அசலாக ஒரு காற்புள்ளி.

கழற்றிக் கொண்டுவந்திருந்த சைட்டை வாங்கிப் பார்த்தேன். எனக்கு உருண்டையான, சுத்தமான புள்ளி. அவரிடமே கொடுத்து, தலையை மெதுவாக வலது தோள் பக்கம் சாய்க்கச் சொன்னேன். "வாலும் கூடவே சுத்துது!" என்றார். பரிசோதித்தால் வலது கண்ணில் 1.25 சிலிண்டர் பவர், அதாவது கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாத குறைக்கான பவர். அதுவரை அவர் கண்ணாடியே போட்டதில்லை. இந்த வேட்டைக் காலத்தில் இதே புகாரோடு வந்தவர்களில் இவர் நான்காமவர்.

"எனக்குத் தூரத்துல எல்லாம் நல்லாத்தான் தெரியுது" என்றுதான் நால்வரும் சொன்னார்கள். உண்மைதான், தெரியும். மரமும் புதரும் விளிம்பில் லேசாகக் கலங்கினால் யாருக்கும் உறைக்காது. ஆனால் மங்கலான பின்னணியில் ஊசிமுனை அளவு பிரகாசமான ஒளி விழும்போது, கருவிழி வளைவின் சிறு கோணலையும் அது காட்டிக்கொடுத்துவிடும். வால், நட்சத்திரம், திராட்சைக் கொத்து என்று ஆளாளுக்கு ஒரு வடிவம். வேட்டைக்குப் போகிற விடியலிலும் அந்தியிலும் கண்ணின் பாப்பா (ஒளி உள்ளே போகும் நடுத்துளை) விரிந்திருக்கும், அப்போது இன்னும் மோசமாகச் சிதறும். விலை கூடிய சைட் வாங்கினாலும் இதே வால்தான், ஏனென்றால் அது உங்கள் கண்ணுக்குள் இருக்கிறது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். முதலில் சைட்டைப் பிஸ்டலிலிருந்து கழற்றுங்கள். குண்டு இல்லாத துப்பாக்கிதானே என்று அதிலேயே வைத்துப் பார்க்காதீர்கள், துப்பாக்கியைக் கிளினிக்குக்கும் கொண்டுவராதீர்கள். தலையை அசைக்காமல் சைட்டை மட்டும் திருப்புங்கள். வால் அசையாமல் நின்றால் கண். சைட்டோடு சேர்ந்து சுற்றினால் சைட். அட்டையில் ஊசித்துளை போட்டு அதன் வழியே பார்க்கும்போது புள்ளி உருண்டையானால் அதுவும் கண்தான். சைட் வழியே செல்போனில் படம் எடுத்தும் பார்க்கலாம், படத்தில் புள்ளி உருண்டையாக இருந்தால் சைட்டில் கோளாறு இல்லை. ஆனால் புள்ளியின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு எடுங்கள், அதிகம் வைத்தால் நல்ல புள்ளியையும் கேமரா பூ மாதிரி விரித்துக் காட்டும்.

இதற்கெல்லாம் பிறகுதான் புள்ளியின் அளவைப் பற்றிப் பேச வேண்டும். அதை எம்.ஓ.ஏ. என்ற கோண அளவில் சொல்வார்கள். 3 எம்.ஓ.ஏ. புள்ளி 25 மீட்டரில் சுமார் 22 மில்லிமீட்டரை மறைக்கும். 6 எம்.ஓ.ஏ. என்றால் 44. அணிலின் தலையே அதற்குள் போய்விடும். பெட்டியில் போட்டிருக்கும் எண் நல்ல கண்ணுக்கான கணக்கு. உங்கள் கண்ணில் அந்த 3 வாலோடு சேர்ந்து எவ்வளவாகிறது என்று பெட்டி சொல்லாது. போன வாரம் வந்தவர் சுட்ட முயல் பின்னங்காலில் அடிபட்டுப் புதருக்குள் ஓடி, கிடைக்காமலே போயிற்று. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. சிலிண்டர் பவர் போட்ட சோதனைக் கண்ணாடியை மாட்டி, சைட்டை மறுபடி கையில் கொடுத்தேன். வெகுநேரம் கீழே இறக்கவே இல்லை.

வாசிப்புக் கண்ணாடி போட்டுக் குறிபார்க்காதீர்கள். சைட் கை நீளத்தில் இருந்தாலும் புள்ளி தெரிவது தூரத்தில், அதற்குத் தூரப் பவர்தான் வேண்டும். புரோக்ரெசிவ் கண்ணாடிக்காரர்கள் (ஒரே லென்ஸில் மேலே தூரப் பவரும் கீழே வாசிப்புப் பவரும் உள்ளவர்கள்) தாடையைத் தூக்காதீர்கள்; பார்வை லென்ஸின் கீழ்ப்பகுதிக்கு இறங்கி, புள்ளி கலங்கும். வேட்டைக்கான கண்ணாடி எளிதில் உடையாத பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். புள்ளியின் வெளிச்சத்தைக் கண்ணுக்குத் தெரிகிற குறைந்தபட்ச அளவில் வையுங்கள். "பிரிஸம் சைட் வாங்கு, வால் வராது" என்று நண்பர்கள் சொல்வார்கள். ஒளிப்புள்ளிக்குப் பதில் கண்ணாடியில் பொறித்த குறியைக் காட்டும் சைட் அது. அதில் கண்ணைச் சில அங்குலத்துக்குள் வைத்துத்தான் பார்க்க முடியும். ரைஃபிளுக்குச் சரி, கையை நீட்டிப் பிடிக்கும் பிஸ்டலுக்கு உதவாது.

ஒன்றை மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். நேற்றுவரை உருண்டையாகத் தெரிந்த புள்ளி இன்று சிதறினால், அல்லது சரியான கண்ணாடி போட்டும் வால் போகாவிட்டால், தள்ளிப்போடாதீர்கள். கண்புரையாக இருக்கலாம், கருவிழி கூம்பிவருவதாகவும் இருக்கலாம். ஏறி இறங்கும் சர்க்கரைகூடக் கண்ணின் பவரை மாற்றும். வரும்போது சைட்டைக் கழற்றி எடுத்து வாருங்கள், உங்களுக்குத் தெரிகிற வடிவத்தை ஒரு தாளில் வரைந்தும் கொண்டுவாருங்கள். வால் எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்த்தாலே எனக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.