பழைய பாஸ்வேர்டை ஏன் யாராலும் சொல்ல முடியவில்லை?

மன்னார்குடிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் வாசகி கேட்டிருக்கிறார்: "பாஸ்வேர்டு மறந்துபோனால் புதுசு போட்டுத் தருகிறார்கள். பழையதைக் கேட்டால் சொல்வதில்லை. ஏன் மறைக்கிறார்கள்?"

மறைக்கவில்லை, அவர்களுக்கே தெரியாது. ஒழுங்காக அமைத்த சர்வரில் உங்கள் பாஸ்வேர்டு எங்குமே இருக்காது.

அப்புறம் எப்படி அது உங்களை அடையாளம் காண்கிறது? பாஸ்வேர்டை முதலில் பதியும்போதே அதை ஹாஷ் என்ற கணக்கில் போட்டு, வரும் விடையை மட்டும் சர்வர் வைத்துக்கொள்கிறது. மில்லில் அரைத்த மாவை மறுபடி அரிசியாக்க முடியாது அல்லவா? அதுபோல விடையிலிருந்து பாஸ்வேர்டுக்குத் திரும்பும் வழி கிடையாது. அடுத்த முறை நீங்கள் தட்டுவதையும் அதே கணக்கில் போட்டு, இரண்டு விடையும் ஒன்றா என்று பார்க்கிறது, அவ்வளவுதான். 'காவேரி1' என்பதை 'காவேரி2' என்று மாற்றினால் விடையில் ஏறக்குறைய பாதி பிட்டுகள் (விடையை எழுதும் 0, 1 என்ற இலக்கங்கள்) புரண்டுவிடும். சர்வரிலிருந்து விடைகளைத் திருடி, பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் திருடனுக்கு, ஊகம் பக்கத்தில் வந்துவிட்டதா என்று துப்பே கிடைக்காது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது.

ஆனால் இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டு வைத்தால்? விடையும் ஒன்றாகிவிடும். வழக்கமான பாஸ்வேர்டுகளுக்கு முன்கூட்டியே விடை போட்டு வைத்திருப்பவன் மொத்தமாகப் பிடித்துவிடுவான். அதனால் ஒவ்வொருவருக்கும் 'சால்ட்' என்று தாறுமாறான ஓர் எண்ணைச் சேர்த்தே கணக்குப் போடுகிறார்கள். ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் என்ற கணினி வல்லுநர்கள் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பாஸ்வேர்டுகள் பற்றி 1979-இல் எழுதிய கட்டுரையில் இது இருக்கிறது. அன்றைய சால்ட் 12 பிட், அதாவது ஒரே பாஸ்வேர்டுக்கு 4,096 விதமான விடைகள். இன்று இன்னும் நீளம்.

இதைவிட அழகானது 1999-இல் வந்த பிகிரிப்ட் (bcrypt) என்ற ஹாஷ் முறை. அதை வேண்டுமென்றே மெதுவாக ஓட வைத்திருக்கிறார்கள். செட்டிங்கில் ஓர் எண்ணை ஒன்று கூட்டினால் வேலை இரட்டிப்பாகும். லாகினில் கால் நொடி தாமதம் உங்களுக்கு உறைக்காது. கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்க வேண்டிய திருடனுக்கு ஒவ்வொரு ஊகத்துக்கும் அந்தக் கால் நொடி போகும்.

ஆகவே எந்த சாஃப்ட்வேராவது உங்கள் பழைய பாஸ்வேர்டை அப்படியே எடுத்துச் சொன்னால், அப்போதுதான் பயப்பட வேண்டும்.

இத்தனை கணக்கையும் ஒரு துண்டு பிளாஸ்திரி தோற்கடித்துவிடும். தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனை வார்டில் பார்த்தேன்: டிரிப்ஸ் ஊசியின் மேல் ஒட்டும் பிளாஸ்திரியைக் கிழித்து, வார்டு முழுவதுக்குமான ஒரே பாஸ்வேர்டை எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு இன்சுலின் அளவைத் தப்பாகப் பதிந்தது யார் என்று தேடினால், பதிவேட்டில் வார்டின் பெயர்தான் இருக்கும். பில்லிங்கில் இருப்பவருக்கு லேப் ரிசல்ட் தெரியக் கூடாது என்று வேலைக்கேற்ப அனுமதி பிரித்து வைத்ததும் வீண்.

நர்ஸ்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வார்டு நிறைய நோயாளிகளை வைத்துக்கொண்டு மணிக்கு மணி பாஸ்வேர்டு தட்ட யாரால் முடியும்? அடையாள அட்டையைக் காட்டினாலே திறக்கும் லாகின் எப்போதோ வந்துவிட்டது. ஸ்கேன் மெஷினுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இதற்கும் ஒதுக்க வேண்டும். கூடவே, திருவாரூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ஒருவர் மாற்றலாகிப் போனால் அவருடைய பழைய லாகின் கணக்கை அன்றைக்கே மூட, ஒவ்வொரு மருத்துவமனையிலும் பொறுப்பான ஓர் ஆள் வேண்டும்.