சர்வர் விலையை அப்புறம் எழுதுங்கள்

போன வாரம் இன்னொரு திட்ட அறிக்கை என் மேசைக்கு வந்தது. காவல் நிலையம், நீதிமன்றம், சிறை மூன்றும் தகவல் பரிமாறிக்கொள்வதற்கான திட்டம். நாற்பது பக்கத்தில் முப்பது பக்கம் சர்வர், யுபிஎஸ், ஸ்கேனர். மிச்சம் முழுக்க ‘வெளிப்படைத்தன்மை’, ‘காகிதமில்லா அலுவலகம்’. இதற்கு நிதித்துறை எதற்குப் பணம் தர வேண்டும்? நானாக இருந்தாலும் தரமாட்டேன்.

அதே வாரம் வழக்கறிஞர் நண்பர் ஒருவர் போனில் புலம்பினார். டெல்டாவில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். அவருடைய கட்சிக்காரர் ஒரு கொத்தனார். இரண்டு வாய்தாவுக்கு வராததால் பிடிவாரண்ட் போட்டார்கள். மனிதர் நேரில் ஆஜராகி, வாரண்டும் ரீகால், அதாவது ரத்து, ஆகிவிட்டது. எட்டு மாதம் கழித்து, மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி, அதே வாரண்டைக் காட்டி அழைத்துப் போயிருக்கிறார்கள். ரத்து உத்தரவு நிலையத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. வாரண்டுக்குக் காலாவதித் தேதி கிடையாது. நிறைவேற்றும் வரை அல்லது நீதிமன்றம் ரத்து செய்யும் வரை அது உயிரோடு இருக்கும். ரத்தானது தெரியாத நிலையத்தில் ரத்தான பிறகும் இருக்கும்.

இதை எந்தக் கூட்டத்தில் சொன்னாலும் ஒரே பதில்தான்: “எல்லாம்தான் கம்ப்யூட்டரில் இருக்கே சார்.” இருக்கிறது, யார் இல்லை என்றது? காவல் நிலையங்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். திட்டத்துக்கு 2009இலேயே 2,000 கோடி ரூபாய் ஒப்புதல் ஆனது. காவல், நீதிமன்றம், சிறை, தடயவியல், அரசு வழக்கு நடத்துதல் ஐந்தையும் கோக்கும் ஐ.சி.ஜே.எஸ். இரண்டாம் கட்டத்துக்கு 2022இல் 3,375 கோடி. நீதிமன்றத் தளத்தில் தேடினால் வழக்கின் நிலையும் தெரியும். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு பஸ் ஸ்டாண்டில் ஒருவரை நிறுத்தும் காவலர் எதைத் தேடுவார்? தேடினால் கிடைப்பது வேறு, தேடாமலே வந்து சேர்வது வேறு. மேட்டூரில் இத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்று டிவியில் சொல்வார்கள். கடைமடைக்காரர் கேட்பது “என் வாய்க்காலுக்கு வந்துச்சா?” என்பதை மட்டும்தான். திட்டம் எழுதுகிறவர்களே, உங்கள் அறிக்கையும் அதைத்தான் கேட்க வேண்டும்.

சரி, எப்படிக் கேட்பது? கடந்த ஆறு மாதத்து ரீகால் உத்தரவுகளில் ஐம்பதை எடுங்கள். உத்தரவு தேதி, தபாலில் போன தேதி, நிலையத்தில் பதிவான தேதி, மூன்றையும் எழுதுங்கள். நடுவில் இருக்கும் நாட்கள்தான் உங்கள் முதல் பக்கம். இந்த உத்தரவுகளை வாங்கவே நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலையும் கோர்ட் காவலரின் நாட்களைத் தனியாக எண்ணுங்கள். பெயிலுக்கு இன்னும் சுலபம். பெயில் கிடைத்து ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றி சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. அந்தக் கடிதங்களை எண்ணினாலே போதும்.

அப்புறம், தயவுசெய்து ஒரு துறையின் கணக்கை மட்டும் போடாதீர்கள். பதிவு செய்யும் வேலை நீதிமன்றக் கிளார்க்குக்கு, லாபம் காவலருக்கும் கொத்தனாருக்கும். நீதிமன்றச் செலவைத் தனியாகப் பார்த்தால் எந்தத் திட்டமும் நட்டம்தான். தலைமடைக்காரர் தூர்வாருகிறார், கடைமடையில் விளைகிறது. மூன்று துறையும் ஒரே தாளில் கையெழுத்துப் போடட்டும். போடமாட்டோம் என்றால் திட்டத்தை மூடி வையுங்கள். முதல் வருடத்தோடு நிற்காமல் ஐந்து வருடப் பராமரிப்பையும், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் சம்பளத்தையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

ஒரு மாவட்டத்தில் மட்டும் சோதனை செய்து பார்க்கலாம் என்பதும் இங்கே பாதிதான் உதவும். தஞ்சாவூருக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. பக்கத்துத் திருவாரூருக்கும் நாகைக்கும் சென்னை. தரங்கம்பாடிக்கும் நாகூருக்கும் நடுவே காரைக்கால்; அது புதுச்சேரிக் காவல்துறை. பிழை நடப்பதே இந்த எல்லைகளில்தான். பெயரை வைத்து ஆளைப் பொருத்தும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரே தெருவில் நாலு முருகேசன் இருப்பார்கள். ஒவ்வொரு நீதிமன்ற வழக்குக்கும் தனியாகப் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண் இருக்கிறது, அதை வைத்துப் பொருத்துங்கள்.

வழக்கறிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். மும்பையில் ரத்தான வாரண்டில் ஒரு வழக்கறிஞரே கைதான வழக்கில், 2011இல் உச்ச நீதிமன்றம் விதிமுறை வகுத்தது. ரத்து உத்தரவின் நகல் வாரண்டை வைத்திருப்பவருக்குப் போக வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவருக்கும் ஒன்று தர வேண்டும். ரீகால் ஆன அன்றே கேட்டு வாங்கி, கட்சிக்காரர் கையில் கொடுத்துவிடுங்கள். அந்தக் கொத்தனாரிடம் அது இல்லை.