ஸ்பெல் ஸ்லாட் என்பதற்குத் தமிழில் ‘உரு’

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைப் பாத்திர விளையாட்டில், மந்திரவாதி ஒரு நாளில் எத்தனை தடவை, எவ்வளவு வலுவில் மந்திரம் போடலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அதுதான் ஸ்பெல் ஸ்லாட். மொரீசியஸில் நம் பிள்ளைகள் கையில் இருக்கும் விதிநூல் ஆங்கிலம், இல்லையென்றால் பிரெஞ்சு. ஆட்டம் நடப்பது கிரியோலில். பிரெஞ்சு நூல் இதை ‘அம்ப்ளாஸ்மான் தெ சோர்’ என்கிறது. மேசையில் அது சுருங்கி வெறும் ‘சோர்’ ஆகிவிடும். ‘மோ நெப்ளி எனா சோர்’ என்று ஒருவன் கையை விரித்தால், இனி அவனுடைய மந்திரவாதிக்குக் கையிலிருக்கும் தடிதான் துணை.

முதலில் வேர்கள். ஸ்பெல் என்றால் பழைய ஆங்கிலத்தில் பேச்சு, கதை, அவ்வளவுதான். நற்செய்தியைக் குறிக்கும் காஸ்பெல் என்ற சொல்லின் வாலில் இருப்பதும் இதே ஸ்பெல். மந்திரம் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டியது. ஸ்லாட் இன்னும் வேடிக்கை: 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது நெஞ்செலும்புக்கு மேலே இருக்கும் பள்ளம், நம்முடைய தொண்டைக்குழி. காசு போடும் துளை, அட்டவணையில் ஒதுக்கிய இடம் என்பதெல்லாம் பிற்பாடு வந்தவை. பிரெஞ்சுச் சோர் வருவது சீட்டுக் குலுக்கலையும் விதியையும் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து. ஆட்டத்தில் சோர்சரர் என்ற வகுப்பின் (வீரன், மந்திரவாதி போன்ற பாத்திர வகையைத்தான் வகுப்பு என்கிறேன்) பெயருக்கும் வேர் அதுவே.

மந்திரம் என்ற சொல்லுக்குத் தொல்காப்பியச் செய்யுளியலே இலக்கணம் வைத்திருக்கிறது: ‘நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப.’ ஆகவே ஸ்பெல்லுக்கு மந்திரம், தூய தமிழ்தான் வேண்டுமென்றால் மறைமொழி. இதில் சிக்கல் இல்லை. சிக்கல் ஸ்லாட்டில்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். அதன் மந்திர முறை அமெரிக்க எழுத்தாளர் ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து எடுத்தது: மந்திரவாதி மந்திரத்தை மனத்தில் ஏற்றிக்கொள்வான், சொல்லி முடித்ததும் அது நினைவிலிருந்து அழிந்துபோகும். வேண்டிய நேரத்தில் பிரம்மாஸ்திர மந்திரம் மறந்துபோகட்டும் என்று பரசுராமர் கர்ணனைச் சபித்தாரே, அந்தச் சாபம் இங்கே எல்லா மந்திரவாதிக்கும் தினசரி உண்டு. ஒரே மந்திரத்தை இரண்டு முறை போட வேண்டுமானால் காலையிலேயே இரண்டு முறை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். அப்போது ஸ்லாட் உண்மையாகவே ஓர் இடம். அலமாரித் தட்டுபோல, ஒவ்வொன்றிலும் இன்ன மந்திரம் என்று வைத்தாயிற்று.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதைப் பிரித்துவிட்டது. எந்தெந்த மந்திரம் தயார் என்பது ஒரு பட்டியல். ஸ்லாட் வேறு கணக்கு. மந்திரத்துக்கும் ஸ்லாட்டுக்கும் வலுவைக் காட்டும் படி உண்டு. தயாராக உள்ள எதையும், படி போதுமானால், எந்த ஸ்லாட்டைச் செலவழித்தும் போடலாம். மூன்றாம் படி மந்திரமான ஃபயர்பால் என்ற நெருப்புப் பந்துக்கு, சேதத்தைக் கணக்கிட எட்டு ஆறுமுகப் பகடை. (ஆறுமுகம் என்றதும் காவடி எடுக்கிற வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், சொல் மறக்காது.) அதையே நான்காம் படி ஸ்லாட்டில் போட்டால் ஒன்பது பகடை. அதாவது ஸ்லாட் இப்போது மந்திரம் குடியிருக்கும் இடமில்லை, மந்திரத்துக்குக் கொடுக்கும் விலை. ‘மந்திரக் கட்டம்’, ‘மந்திர இடம்’ என்ற மொழிபெயர்ப்புகளை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். பிரெஞ்சுச் சொல்லிலும் இதே குறைதான். புதிதாக ஆட வருகிறவர்கள் ‘எந்தக் கட்டத்தில் எந்த மந்திரம் எழுதுவது?’ என்று கேட்பது சொல்லின் கோளாறு, பிள்ளைகளின் கோளாறு இல்லை.

நான் முன்வைப்பது ‘உரு’. மந்திரத்தை 108 உரு, 1008 உரு ஏற்றுவது என்று கோவிலில் கேட்டிருப்போம். ஒரு தடவை ஓதினால் ஓர் உரு. ‘உரு ஏறத் திரு ஏறும்’ என்பது பழமொழி. எண்ணக்கூடியது, மந்திரத்தோடு பிறந்த சொல், வாய்க்கும் சின்னது. உருப்போடுதல் என்றால் மனப்பாடம் செய்தல். ஆகவே விடியற்காலையில் மந்திரத்தைத் தயார் செய்வதற்கும் வினைச்சொல் கூடவே கிடைத்துவிடுகிறது. ஏற்றிய உரு குறையுமா என்று கேட்கலாம். கோபத்தில் ரம்பையைச் சபித்த விசுவாமித்திரர் சேர்த்த தவத்தை அதிலேயே இழந்தார். ஏற்றியது செலவாகும் என்பது நம் புராணக் கணக்கிலும் உள்ளதுதான்.

வகுப்புகளைச் சமன் செய்கிறவருக்கு உரு என்பது முக்கியமான திருகு. பாத்திரம் ஆட ஆட நிலை உயரும். ஐந்தாம் நிலை மந்திரவாதிக்கு முதற்படி உரு 4, இரண்டாம் படி 3, மூன்றாம் படி 2. எங்கள் மேசையில் இதை மணிகளாக வைக்கிறோம்: தட்டில் நான்கு வெள்ளை, மூன்று சிவப்பு, இரண்டு கறுப்பு. ‘மாமா, ஃபயர்பால் போடட்டா?’ என்று அக்கா மகன் கறுப்பு மணியை விரலில் உருட்டும்போது, பக்கத்தில் வாள்வீரனாக ஆடுகிற அவன் தங்கை முறைப்பாள். முறைப்பதில் நியாயமுண்டு. அந்த மந்திரம் 20 அடி ஆரத்துக்குள் நிற்கும் ஒவ்வொருவருக்கும் சராசரி 28 சேதம் தரும், தப்பினவனுக்குப் பாதி. அவளோ அதே நிலையில் ஒரு முறைக்கு இரண்டு வெட்டு. ஆனால் அவள் வாளுக்கு உருக்கணக்கு இல்லை, நாள் முழுக்க வெட்டலாம்.

இந்தச் சமன் நிற்பது நாள் நீண்டால்தான். 2014 ஆட்டநடத்துநர் நூல் ஒரு நாளுக்கு ஆறு முதல் எட்டு மோதல் என்று கணக்குப் போடுகிறது. ரோஸ்ஹில்லில் ஞாயிறு மத்தியானம் தொடங்கி, தேநீருக்கும் காத்தோ பிமானுக்கும் எழுந்து உட்கார்ந்து ஆடினால் இரண்டு மோதல் தேறுவதே பெரிது. மந்திரவாதி ஒன்பது உருவையும் அதிலேயே கொட்டிவிடுவான், பிறகு ‘தூங்கலாம்’ என்பான். எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தால் எல்லாம் திரும்பிவிடுமே! ஃபயர்பாலின் சேதத்தைக் குறைப்பது இதற்கு மருந்தில்லை. உரு திரும்பும் காலத்தை நீட்ட வேண்டும். நீண்ட ஓய்வை ஏழு நாளாக்கும் மாற்று விதி அந்த நூலிலேயே இருக்கிறது. நாங்கள் அதைத்தான் வைத்திருக்கிறோம்.

வகுப்புக்கு வகுப்பு வேறுபடுவதும் இதில்தான். வார்லாக்குக்கு (பழைய ஆங்கிலத்தில் வாக்குத் தவறியவன்) ஐந்தாம் நிலையில் இரண்டே உரு. ஆனால் இரண்டும் மூன்றாம் படி, ஒரு மணி நேரச் சிற்றோய்வில் திரும்பிவிடும். சோர்சரர் உருவைக் கரைத்து, மந்திரத்தை வளைத்துப் போட உதவும் புள்ளியாக்கிக்கொள்வான். 2008இன் நான்காம் பதிப்பில் வீரனுக்கும் மந்திரவாதிக்கும் கிட்டத்தட்ட ஒரே அச்சில் திறன்களை வார்த்தார்கள். சமன் கிடைத்தது, ருசி போயிற்று என்பது என் கட்சி.

ஒரு வழக்கு பாக்கி. உரு என்றால் வடிவமும்தான். விலங்காக மாறும் டுரூயிட் ‘உருமாறுகிறேன்’ என்றால் மணியை மாற்றுகிறானா, உடம்பை மாற்றுகிறானா? அங்கே மட்டும் ‘உருவம் மாறுகிறேன்’ என்று முழுச் சொல்லாகச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.