துடைப்பக் கட்டையில் கட்டிய சுருதி

1957 ஜூலை 6. லிவர்பூல் நகரத்தின் வூல்டன் பகுதியில் தேவாலயத் திருவிழா. பள்ளிக்கூடப் பையன்கள் சிலர் ஒரு லாரியின் மேல் ஏறி, பாடிக்கொண்டே ஊர்வலத்தோடு போனார்கள். குழுவின் பெயர் குவாரிமென். நடுவில் கிதாரோடு 16 வயது ஜான் லெனன். அன்றைக்குத்தான் அவருக்கு 15 வயது பால் மெக்கார்ட்னியை அறிமுகப்படுத்தி வைத்தார்கள். அந்த இருவரும் சேர்ந்து பின்னால் பீட்டில்ஸ் குழுவானது எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு அந்தக் கதையில் லெனனைவிட, அதே குழுவில் லென் கேரி என்ற பையன் வைத்திருந்த பொருள்மேல்தான் ஆசை. கவிழ்த்துப் போட்ட ஒரு தேயிலைப் பெட்டி. அதன் விளிம்பில் ஊன்றிய துடைப்பக் கட்டை. கட்டையின் உச்சியிலிருந்து பெட்டியின் நடுவுக்கு ஒரே ஒரு கயிறு. ஆளுயர வயலின் போல நின்று அடிச்சுரம் தரும் டபுள் பாஸை வாங்கக் காசில்லாதவர்களின் டபுள் பாஸ். அன்று பிரிட்டன் முழுக்கத் தெருவுக்குத் தெரு இது ஒலித்துக்கொண்டிருந்தது. பார்த்தால் விளையாட்டுச் சாமான். உள்ளே போனால் ஒலியியல் பாடத்தில் பாதி இருக்கிறது.

இந்தப் பைத்தியத்தின் பெயர் ஸ்கிஃபிள். சொல் அமெரிக்கச் சொல். 1920களில் வீட்டு வாடகைக்குப் பணம் திரட்ட, கறுப்பின மக்கள் வீட்டிலேயே விருந்து வைத்து, கையில் கிடைத்ததை வாசித்த கூத்திலிருந்து வந்தது. பிரிட்டனில் அது இடைவேளை இசையாக நுழைந்தது. கென் கோலியர், கிறிஸ் பார்பர் போன்றவர்களின் ஜாஸ் குழுக்களில் ட்ரம்பெட் ஊதுகிறவர்களுக்கு உதடு ஓய்வு கேட்கும். அந்த நேரத்தில் இரண்டு மூன்று பேர் கிதாரோடு முன்னால் வந்து பழைய அமெரிக்க நாட்டுப் பாடல்களைப் பாடுவார்கள். அவர்களில் ஒருவர் லோனி டொனெகன். 1954 ஜூலையில் பார்பர் குழுவின் இசைத்தட்டுக்காக, அமெரிக்கப் பாடகர் லெட் பெல்லி பாடிப் பரப்பிய ‘ராக் ஐலண்ட் லைன்’ என்ற ரயில் பாட்டை அவர் பாடினார். துணைக்கு பார்பரின் டபுள் பாஸ், பெரில் பிரைடனின், வரிவரியாக மேடு வைத்த துணி துவைக்கும் பலகை. அவ்வளவுதான். அது தனித்தட்டாக வெளிவந்து, 1956 தொடக்கத்தில் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் நுழைந்தபோது, கேட்ட பையன்களுக்கெல்லாம் ஒரே யோசனை: இதை நாமும் செய்யலாமே!

கிதாருக்கு எப்படியோ காசு புரட்டிவிடலாம். துவைக்கும் பலகை அம்மாவிடம் இருக்கிறது. பாஸ்? அதற்குத்தான் தேயிலைப் பெட்டி. பிரிட்டனில் தேயிலைக்கான ரேஷன் 1952 அக்டோபரில்தான் முடிந்தது. மெல்லிய ஒட்டுப்பலகையில் செய்து, ஓரங்களில் தகரம் அடித்த காலிப் பெட்டிகள் மளிகைக் கடைகளில் கிடைக்கும். வீடு மாறுகிறவர்கள் பாத்திரம் பண்டம் கட்டுவதும் அதில்தான். பெட்டியின் பக்கவாட்டில் எஸ்டேட் பெயர் அச்சடித்திருக்கும். அஸ்ஸாமிலிருந்து வந்தவை உண்டு, இலங்கை மலையகத்திலிருந்து வந்தவையும் உண்டு. மலையகத்தில் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். அவர்கள் பறித்த தேயிலை போன பெட்டிகளில் சில, லண்டனிலும் லிவர்பூலிலும் பாஸ் வாத்தியமாகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னச் சிலிர்ப்பு.

சரி, கயிற்றுக்கு வருவோம்.

ஒரு கம்பியின் சுருதியை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: நீளம், கனம், இழுத்துக் கட்டிய விசை. வயலினிலும் கிதாரிலும் விரலால் அழுத்தி நீளத்தைக் குறைக்கிறோம். பியானோவில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனிக் கம்பி. தேயிலைப் பெட்டியிலோ கட்டையைப் பின்னால் சாய்த்தால் கயிறு விறைக்கிறது, சுரம் ஏறுகிறது; தளர்த்தினால் இறங்குகிறது. மூன்றாவது விஷயத்தை மட்டும் நம்பி வாசிக்கும் வாத்தியம். வீணையில் மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிப்பதும் இதே வித்தைதான். வீணைக்கு அது அலங்காரம், இங்கே அதுதான் பிழைப்பு.

பிழைப்பு கஷ்டமானதும்கூட. அதிர்வெண் இழுவிசையோடு நேராக ஏறுவதில்லை, அதன் வர்க்கமூலத்தோடுதான் ஏறுகிறது. ஒரு ஸ்தாயி மேலே போக வேண்டுமானால், அதாவது அதிர்வெண் இரண்டு மடங்காக வேண்டுமானால், நான்கு மடங்கு பலத்தோடு இழுக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மீட்டருக்கு 5 கிராம் எடையுள்ள கயிறு, ஒரு மீட்டர் நீளம். டபுள் பாஸின் அடிக்கம்பி நொடிக்கு 41 முறை, அதாவது 41 ஹெர்ட்ஸில், அதிர்கிறது. நம் கயிறு அந்தச் சுரத்தைத் தர சுமார் 3.4 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவு இழுப்பு போதும். அதன் மேல் ஸ்தாயிக்கு 13.7 கிலோ. ஒரு முழு சமையல் சிலிண்டரில் அடைத்திருக்கும் கேஸின் எடை 14.2 கிலோ என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அதை ஒற்றைக் கையால் மூன்று நிமிடப் பாட்டு முழுக்கத் தாளத்துக்கு ஏற்ப இழுத்து, விட்டு, இழுத்துப் பாருங்கள். ஒரு கால் பெட்டியின் மேல் ஏறி நிற்பது ஸ்டைலுக்காக அல்ல. இல்லாவிட்டால் பெட்டியே கையோடு எழுந்து வந்துவிடும்.

இதை எழுதும் சாக்கில் மொட்டை மாடியில் நானும் ஒன்று செய்தேன். தேயிலைப் பெட்டிக்கு எங்கே போவது? பழைய பிளாஸ்டிக் வாளி, கொடி கட்டும் நைலான் கயிறு, ஒட்டடைக் கம்பு. முதல் இழுப்பிலேயே முடிச்சு ஓட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. உள்பக்கம் ஒரு பெரிய வாஷர் போட்டு, விசையைப் பரவலாக்கிய பிறகுதான் நின்றது. அப்புறம் ஓங்கி ஒரு மீட்டு. ‘டும்’ என்று வரும் என்று நினைத்தேன், வந்தது ‘டௌம்ம்’. கொஞ்சம் மேலே தொடங்கி, வழுக்கிக் கீழே இறங்கும் சத்தம். தண்ணீர்த் தொட்டியில் என்ன சத்தம் என்று கீழ்வீட்டு அம்மா கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வழுக்கலுக்குக் காரணம் உண்டு. பலமாக மீட்டும்போது கயிறு அகலமாக ஆடுகிறது. அகலமாக ஆடினால் கயிறு கூடுதலாக நீள வேண்டும், நீண்டால் இழுவிசை கூடும், சுரம் ஏறும். ஆட்டம் அடங்க அடங்கச் சுரம் தன் இடத்துக்கு இறங்கி வருகிறது. கிதாரிலும் இது நடக்கும், ஆனால் காதுக்குப் பெரும்பாலும் தெரியாத அளவுக்கு. தொளதொளவென்ற கயிற்றில் அப்பட்டமாகத் தெரிகிறது.

இன்னொரு வேடிக்கை. கிதாரில் கம்பி பலகைக்கு இணையாகப் படுத்திருக்கும். இங்கே கயிறு கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கிறது. கயிறு இடப்பக்கம் ஆடினாலும் பலகையை மேலே இழுக்கும், வலப்பக்கம் ஆடினாலும் இழுக்கும். கயிறு ஒரு முறை ஆடி முடிப்பதற்குள் பலகை இரண்டு முறை இழுபடுகிறது. முழுக்கச் செங்குத்தாக இருந்தால் பெட்டி ஒரு ஸ்தாயி மேலேதான் பேசும். கட்டை சாய்ந்து, கயிறும் சற்றுச் சாய்ந்திருப்பதால் அசல் சுரமும் கொஞ்சம் பலகைக்குப் போய்ச் சேர்கிறது. இரண்டும் கலந்த ஒரு கனத்த, தெளிவில்லாத ஒலி. அந்தத் தெளிவின்மைதான் இந்த வாத்தியத்தின் அடையாளம்.

பெட்டி எதற்கு? கயிறு மட்டும் ஆடினால் சத்தமே கேட்காது. மெல்லிய கயிறு காற்றைத் தள்ளுவதில்லை, கிழித்துக்கொண்டு போகிறது. முன்னால் நெருங்கிய காற்று உடனே பின்னால் ஓடிச் சமமாகிவிடும். 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8 மீட்டருக்கு மேல். அதை எழுப்ப அகலமான பரப்பு வேண்டும், முன்பக்கக் காற்று பின்பக்கத்துக்கு ஓடாதபடி தடுப்பும் வேண்டும். பெட்டி இரண்டையும் தருகிறது. மேல் பலகை மேலும் கீழும் துடிக்க, உள்ளே அடைபட்ட காற்று சுருங்கி விரிந்து, அடியில் இருக்கும் இடைவெளி வழியாக மூச்சு விடுகிறது. தரையோடு ஒட்டிக் கவிழ்த்தால் மூச்சு முட்டும். ஒரு விளிம்பைச் சற்றுத் தூக்கி வைத்தால் ஒலி விரியும். என் வாளிக்கு அடியில் அரைச் செங்கல் வைத்ததும் சத்தம் பளிச்சென்று மாறியது.

இவ்வளவு செய்தும், அரை மீட்டர் அகலப் பெட்டி 41 ஹெர்ட்ஸை உருப்படியாக எழுப்புவதில்லை. எழுப்புவதெல்லாம் 82, 123, 164 என்று அதன் மடங்குகளைத்தான். மீதி வேலையை நம் மூளை செய்கிறது. இந்த மடங்குகள் வரிசையாக வந்தால், அடியில் 41 இருக்கிறது என்று அதுவாகவே முடிவு கட்டி, இல்லாத சுரத்தைக் கேட்கிறது. கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கரில் நமக்கு பாஸ் கேட்பதும் இந்த ஏமாற்றால்தான்.

சுருதி விலகுமே? விலகும். ஆனால் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஒலித்து அடங்கும் ஒரு மீட்டில், அதிர்வெண் ஏறக்குறைய 5 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு மங்கிப்போகும். அந்த ஆழத்தில் அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கு நடுவே இருப்பதே இரண்டரை ஹெர்ட்ஸ்தான். கயிறு தவறு செய்தாலும் காது அதிகம் கண்டுகொள்ளாது. தாளம் தவறினால்தான் வம்பு.

மற்ற வாத்தியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துவைக்கும் பலகையில் விரல்நுனிகளில் தையற்காரர் போடும் உலோகத் தொப்பியை மாட்டிக்கொண்டு இழுப்பார்கள். ஒவ்வொரு மேட்டிலும் ஒரு ‘டிக்’. மிகக் குறுகிய சத்தத்தில் எல்லா அதிர்வெண்ணும் கலந்திருக்கும் என்பதால், அது சுரமாகக் கேட்காமல் டிரம் செட்டின் உரசலாகக் கேட்கிறது. கிதாருக்கு மூன்றே கார்டுகள், அதாவது மும்மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டுகள். அது ஏன் போதுமானதாக இருந்தது என்பதைச் சங்கராபரணம் தெரிந்தவர்களுக்கு ஒரே வரியில் விளக்கலாம்: முதல் கார்டு ச-க-ப, இரண்டாவது ம-த-ச, மூன்றாவது ப-நி-ரி. ஏழு சுரமும் வந்துவிட்டன. ராகத்தில் எந்தச் சுரத்தைப் பாடினாலும் மூன்றில் ஏதோ ஒன்று தாங்கும்.

தாங்காதது ப்ளூஸ் என்ற கறுப்பின அமெரிக்கர்களின் இசை. அதில் உயிரான காந்தாரம் சற்றுத் தாழ்ந்த சாதாரண காந்தாரத்துக்கும் உயர்ந்த அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. கிதாரின் மெட்டுகளில் அந்த இடம் இல்லை. ஸ்கிஃபிள் பாடிய பாடல்களில் பல ப்ளூஸ்காரர்களுடையவை. தோண்டத் தோண்ட இந்த நடுச்சுரம் சிலரை இழுத்துக்கொண்டது. லண்டன் வார்டர் தெருவில் ஒரு மதுக்கடையின் மாடியில் சிரில் டேவிஸ் நடத்திய ஸ்கிஃபிள் மன்றத்தை, அவரும் அலெக்சிஸ் கோர்னரும் சேர்ந்து 1957இல் ப்ளூஸ் மன்றமாக மாற்றினார்கள். அடுத்த ஆண்டு பார்பரின் அழைப்பில் அமெரிக்க ப்ளூஸ்காரர் மடி வாட்டர்ஸ் மின்கிதாரோடு வந்து இறங்கினார். அமைதியான நாட்டுப்பாடலை எதிர்பார்த்து வந்த பலர் அந்தச் சத்தத்தில் மிரண்டார்கள். கோர்னரும் டேவிஸும் மிரளவில்லை. 1962 மார்ச் 17 அன்று ஈலிங்கில் ஒரு தேநீர்க் கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவே இறங்கும் படிகளின் கீழே தங்கள் மன்றத்தைத் திறந்தார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பிரையன் ஜோன்ஸை மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் சந்தித்தது அங்கேதான்.

தேயிலைப் பெட்டிகள் அதற்குள் பரணுக்குப் போய்விட்டன. ஆனால் இழுக்கும் வித்தை போகவில்லை, கட்டையிலிருந்து விரல்நுனிக்கு மாறியது. கிதார்க் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி அரைச் சுரம் ஏற்ற இழுவிசை 12 சதவீதம் கூட வேண்டும், முழுச் சுரத்துக்கு 26. தடித்த கம்பியில் விரல் கிழிந்துவிடும். மெல்லிய கம்பியிலும் அதே தூரம்தான் தள்ள வேண்டும். ஆனால் தேவைப்படும் பலம் கம்பியின் குறுக்குப் பரப்புக்கு ஏற்பக் குறையும். அங்குலத்தில் ஆயிரத்தில் 13 பங்கு தடிமனுள்ள கம்பிக்குப் பதில் 9 பங்கு கம்பி போட்டால் பாதி பலம் போதும்.

எளிதாகத் தள்ள முடிகிறது என்றால் தள்ளிக்கொண்டே போகத் தோன்றும் இல்லையா? யார்ட்பேர்ட்ஸ் குழுவில் இருந்த எரிக் கிளாப்டன் அப்படித் தள்ளித் தள்ளி மேடையிலேயே கம்பியை அறுத்துவிடுவார். அங்கேயே நின்று நிதானமாகப் புதுக் கம்பி மாட்டுவார். அதுவரை கூட்டம் மெதுவாக, ஒரே தாளத்தில் கைதட்டிக்கொண்டிருக்கும். ‘ஸ்லோஹேண்ட்’ என்ற பட்டப்பெயர் அவருக்கு அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.